முயலின் கடைசி பலூன்

கேள்வி இதுதான்: "‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’ படம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அதற்கு மூலமான நாவல் ஒன்று உண்டு, ஆனால் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். படிக்கலாமா? படித்தால் பிடித்த படம் கெட்டுப்போய்விடுமா? நாவலின் தலைப்பில் ஏன் ‘சென்சார்’ என்ற சொல் வருகிறது?"

தாராளமாகப் படிக்கலாம். படம் கெட்டுப்போகாது. இரண்டிலும் ஒரே பெயருள்ள முயல், ஒரே பெயருள்ள துப்பறிவாளர், ஒரே பெயருள்ள மனைவி. அவ்வளவுதான் ஒற்றுமை. மற்றபடி கொலை வேறு, கொலையாளி வேறு, காலம் வேறு, கதையின் குணமே வேறு. நான் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு, பல வருடம் கழித்துத்தான் நாவலுக்குப் போனேன். முதல் சில பக்கங்களிலேயே ஒன்று புரிந்தது. படத்தின் டூன்கள், அதாவது உயிரோடு நடமாடும் கார்ட்டூன் பாத்திரங்கள், சினிமாத் திரையில் பிறந்தவர்கள். நாவலின் டூன்கள் செய்தித்தாளில் பிறந்தவர்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

நாவலின் பெயர் ‘ஹூ சென்சார்டு ரோஜர் ராபிட்?’. எழுதியவர் கேரி கே. வுல்ஃப். வெளியான ஆண்டு 1981. அதற்கு முன் எழுபதுகளில் மூன்று அறிவியல் புனைகதை நாவல்கள் எழுதியிருந்தார். விளம்பரத் துறையிலும் வேலை பார்த்தவர். இந்தக் கதைக்கான பொறி அங்கிருந்து கிடைத்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் காலை உணவு தானிய விளம்பரங்களில் ஒரு கார்ட்டூன் முயலோ புலியோ நிஜக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசும். அந்தக் குழந்தைகள் யாரும் திடுக்கிடுவதில்லை. பக்கத்து வீட்டு அங்கிளோடு பேசுவதுபோல் சாதாரணமாகப் பேசுவார்கள். இப்படி ஒரு உலகம் நிஜமாகவே இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததன் விளைவுதான் இந்த நாவல்.

இப்போது அந்த உலகத்துக்கு வருவோம். ஊர் லாஸ் ஏஞ்சலஸ். காலம், நாவல் எழுதப்பட்ட அதே காலம். படத்தில் வரும் 1947 ஹாலிவுட் இங்கே இல்லை. மனிதர்களும் டூன்களும் ஒரே தெருவில் நடக்கிறார்கள், ஒரே கடையில் வாங்குகிறார்கள். செய்தித்தாளில் தினமும் வரும் மூன்று நான்கு கட்டப் படக்கதைகளை இந்த உலகத்தில் யாரும் வரைவதில்லை. டூன்கள் நடிகர்கள்போல் வந்து நின்று நடிக்கிறார்கள், புகைப்படக்காரர் அதைப் படம் பிடிக்கிறார், அது மறுநாள் பேப்பரில் வருகிறது. ஒரு படக்கதையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு புகைப்படம். என்ன அழகான கற்பனை! வரைபவர் என்று ஒருவரே இல்லாத உலகம். அதனால் ‘உன்னை வரைந்தது யார்?’ என்ற கேள்வியே எழாது. ‘உன்னை வைத்துச் சம்பாதிப்பது யார்?’ என்ற கேள்விதான் எழும்.

அடுத்தது, இந்த நாவலின் உயிர்நாடி. டூன்கள் பேசும்போது சத்தம் வராது. தலைக்கு மேல் பலூன் வரும். நம் காமிக்ஸ் வாசகர்கள் பலூன் என்று சொல்வோமே, அதே பேச்சு பலூன். சொற்கள் அதற்குள் எழுத்தாக நிற்கும். எதிரில் இருப்பவர் அதைப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மனித உருவத்தை ஒத்த சில டூன்கள் மட்டும் பலூனை அடக்கிக்கொண்டு வாயால் பேசப் பழகியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது கைவராது.

இது வெறும் வேடிக்கை என்று முதலில் தோன்றும். கொஞ்சம் நின்று யோசித்தால், துப்பறியும் கதைக்குள் இது என்ன செய்கிறது என்பது தெரியும். துப்பறியும் கதை முழுக்க முழுக்கப் பேச்சால் ஆனது. துப்பறிவாளர் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறார். ஒருவர் உண்மை சொல்கிறார், ஒருவர் பொய் சொல்கிறார், ஒருவர் பாதியை விழுங்குகிறார். பேச்சு காற்றில் கரைந்துபோகும் விஷயம் என்பதால்தான் அதற்குச் சாட்சி தேவைப்படுகிறது, குறிப்பேடு தேவைப்படுகிறது, ஞாபகசக்தி தேவைப்படுகிறது. வுல்ஃபின் உலகத்தில் பேச்சு கரைவதில்லை. அது கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருள். ஒருவர் பேசிவிட்டுப் போன பிறகும் அவர் சொன்னது அங்கே கிடக்கலாம். ரத்தக் கறைபோல், கைரேகைபோல், பேச்சும் ஒரு தடயம்.

ஆகவே கொலை நடந்த இடத்தில் ஒரு பலூன் கிடக்கிறது. செத்துப்போனவனின் கடைசிச் சொற்கள் அதில் எழுத்தாகவே இருக்கின்றன.

யார் செத்தது? ரோஜர் ராபிட்தான்! படத்தை நேசிக்கும் எல்லோரையும் நாவல் திடுக்கிட வைக்கும் இடம் இது. படத்தில் ரோஜர்மேல் கொலைப்பழி விழுகிறது, அவன் ஓடி ஒளிகிறான், கடைசியில் தப்பித்துவிடுகிறான். நாவலில் கொல்லப்படுவதே அவன்தான். அதுவும் கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே.

சுருக்கமாகக் கதை இப்படி. எடி வேலியன்ட் ஒரு பிரைவேட் டிடெக்டிவ். கதையைத் தன் வாயாலேயே சொல்கிறார். டூன்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆனாலும் பணத்துக்காக ஒரு டூனின் வழக்கை எடுக்கிறார். ரோஜர், பேபி ஹெர்மன் என்ற டூனின் படக்கதையில் துணைக் கதாபாத்திரமாக வருபவன். டிகிரீஸி சகோதரர்கள் நடத்தும் படக்கதை நிறுவனம், உனக்கென்று தனியாக ஒரு படக்கதை தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, இப்போது தராமல் இழுத்தடிக்கிறது. சரி, தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றால் விடவும் மறுக்கிறது. ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்பதுதான் ரோஜரின் கோரிக்கை. சின்ன வழக்கு. கொஞ்ச நாளில் ரோஜர் பிணமாகிறான். சகோதரர்களில் ஒருவரான ராக்கோவும் கொல்லப்படுகிறார். சந்தேகம் பல பக்கம் போகிறது. அதில் ஒன்று, ரோஜரைப் பிரிந்து ராக்கோவிடம் போய்விட்ட மனைவி ஜெசிக்கா.

ரோஜர் செத்துவிட்டானே, மீதிக் கதையில் யார் இருப்பார்கள் என்று கேட்பீர்கள். இங்கேதான் வுல்ஃப் இன்னொரு அபாரமான வேலை செய்திருக்கிறார். டூன்களுக்குத் தங்களைப்போலவே ஒரு நகலைத் தற்காலிகமாக உருவாக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. தலையில் இரும்புப் பெட்டி விழுவது, மலை உச்சியிலிருந்து குதிப்பது போன்ற ஆபத்தான காட்சிகளுக்கு நகலை அனுப்பிவிடுவார்கள். சினிமாவில் டூப் போடுவதுபோல. வேலை முடிந்ததும் நகல் பொடிந்து போகும். ரோஜர் சாவதற்கு முன் அப்படி ஒரு நகலை உருவாக்கியிருந்தான். அந்த நகல் திரும்பி வந்து பார்த்தால் மூலவன் பிணமாகக் கிடக்கிறான். நகலுக்கு மிச்சமிருப்பது ஓரிரு நாள் ஆயுள். அதற்குள் தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க எடியோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த இடத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். தன் கொலையைத் தானே துப்பறியும் பாத்திரம் வேறு சில கதைகளிலும் உண்டு. பெரும்பாலும் ஆவியாக வரும், அல்லது விஷம் ஏறிச் செத்துக்கொண்டிருக்கும் மனிதனாக வரும். இங்கே அது கார்ட்டூன் உலகத்தின் சொந்த விதியிலிருந்தே முளைக்கிறது. கார்ட்டூனில் யாரும் சாவதில்லை, அடுத்த கட்டத்தில் எழுந்து நிற்பார்கள் என்பது நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வுல்ஃப் ஒரு காரணம் கொடுக்கிறார்: நீங்கள் இத்தனை நாள் பார்த்தது நகல்களைத்தான். மூலவன் மனிதரைப்போலவே சாவான், ஒரே முறை சாவான். சிரித்துக்கொண்டு படித்தவர் அந்த வரியில் ஒரு கணம் நின்றுவிடுவார். அப்புறம் அந்த நகலின் ஒவ்வொரு அசட்டுத்தனமும் வேறு மாதிரித் தெரியும். தன் ஆயுள் மணிக்கணக்கில் கரைவது தெரிந்தே ஜோக் அடிக்கிற ஒருவன் அவன்.

எடி மெல்ல மெல்ல மாறுவதும் இதனால்தான். டூன்களை வெறுத்த மனிதர், நாளைக்கு இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு டூனோடு இரவும் பகலும் அலைகிறார். படத்திலும் எடி மாறுகிறார். ஆனால் அங்கே அவருடைய வெறுப்புக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்: அவருடைய சகோதரரை ஒரு டூன் கொன்றுவிட்டது. நாவலில் அப்படி எதுவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் இருக்கிற சாதாரண இளக்காரம்தான் அவருக்கும். அதுதான் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாகுபாடு காட்டுகிறவர்களில் பலருக்குச் சொந்தக் காயம் எதுவும் இருப்பதில்லை.

இனி ‘சென்சார்’. தலைப்பில் உள்ள அந்தச் சொல் கொலையைத்தான் குறிக்கிறது. ரோஜரின் கடைசி பலூனில் உள்ள சொற்களைப் படித்தால், அவன் பேசிக்கொண்டிருந்தபோதே அவன் வாய் அடைக்கப்பட்டது என்று புரியும். டூனுக்கு உயிர் என்பதே அவன் தலைக்கு மேல் நிற்கும் சொற்கள். சொற்களை நிறுத்துவதும் உயிரை நிறுத்துவதும் ஒன்றே. மனிதன் என்றால் கொலை, டூன் என்றால் தணிக்கை. இந்தச் சிலேடை படக்கதை வாசகருக்கு இன்னும் ஆழமாக இறங்கும். ஏனென்றால் பலூனும் தணிக்கையும் படக்கதை வரலாற்றில் கூடவே வளர்ந்தவை.

கொஞ்சம் அந்த வரலாற்றைச் சொல்கிறேன், நாவலை ரசிக்க உதவும். 1890-களில் நியூயார்க் செய்தித்தாள்களில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த ‘யெல்லோ கிட்’ என்ற மொட்டைத்தலைப் பையன் பிரபலமானான். அவன் பேசுவது பெரும்பாலும் அவன் போட்டிருக்கும் நீளமான மஞ்சள் சட்டையில் எழுதப்பட்டிருக்கும். பேச்சு சட்டையிலிருந்து கிளம்பி வாய்க்கு மேல் பலூனாக ஏறியது அந்தக் காலத்தில்தான். 1897-ல் தொடங்கிய ருடால்ஃப் டர்க்ஸின் ‘கேட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ போன்ற தொடர்கள் அதை வழக்கமாக்கின. கத்தினால் கூரான முனைகள், முணுமுணுத்தால் விட்டு விட்டு வரும் கோடு, யோசித்தால் மேகம் என்று பலூனுக்கே ஒரு இலக்கணம் உருவானது.

வசவுக்கும் ஒரு இலக்கணம் வந்தது. குடும்பத்தோடு படிக்கும் பேப்பரில் கெட்ட வார்த்தை போட முடியாது. ஆகவே சுழி, நட்சத்திரம், மின்னல், மண்டை ஓடு என்று குறிகளை அடுக்கினார்கள். ‘பீட்டில் பெய்லி’ தொடரை வரைந்த மார்ட் வாக்கர் இந்தக் குறிகளுக்கு ‘கிராலிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பாத்திரம் பதறும்போது நெற்றியில் தெறிக்கும் வியர்வைத் துளிகளுக்கு ‘ப்ளூட்ஸ்’, வேகமாக ஓடியவன் பின்னால் விட்டுப்போகும் தூசி மேகத்துக்கு ‘ப்ரிஃபிட்’. இவற்றையெல்லாம் தொகுத்து 1980-ல் ஒரு புத்தகமே போட்டார். வுல்ஃபின் நாவல் வந்ததற்கு முந்தைய வருடம். படக்கதையின் மொழியைப் படக்கதைக்காரர்களே உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது.

1954-ல் அமெரிக்காவில் காமிக் புத்தகங்கள்மேல் பெரிய தாக்குதல் வந்தது. ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ‘காமிக்ஸ் கோட்’ என்ற கட்டுப்பாட்டை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அது தனிப் புத்தகங்களுக்கானது. ரோஜரைப்போல் செய்தித்தாளில் வருபவர்களுக்கு அப்படி ஒரு வாரியம் தேவைப்படவில்லை. அவர்களைக் கட்டுப்படுத்த சிண்டிகேட் இருந்தது.

சிண்டிகேட் என்பது படக்கதையை ஒரே இடத்தில் தயாரித்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பேப்பர்களுக்கு விற்கும் நிறுவனம். பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் கிங் ஃபீச்சர்ஸ் அப்படி ஒன்று. யார் வர வேண்டும், எது வரக்கூடாது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதன் கையில். வெகுகாலம் பாத்திரத்தின் உரிமை வரைந்தவருக்கு இல்லாமல் நிறுவனத்துக்கே போனது. பேப்பர் தொடர்களில் மட்டும் இப்படி இல்லை, காமிக் புத்தகத்திலும் இதே கதைதான். சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் அதன் உரிமையை விற்றது 130 டாலருக்கு. அந்த 130 டாலர் காசோலையை நினைத்துக்கொண்டு நாவலின் முதல் அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். ரோஜர் தன் ஒப்பந்தத்தைப் பற்றிப் புலம்புவது காமெடிக் காட்சி மட்டும் இல்லை என்பது தெரியும். வேலையும் தர மாட்டோம், விடவும் மாட்டோம் என்ற டிகிரீஸி சகோதரர்களின் பிடி, அந்தத் தொழிலில் இருந்த எத்தனையோ பேர் அனுபவித்தது. வுல்ஃப் செய்தது, படைத்தவரின் இடத்தில் பாத்திரத்தையே நிறுத்தியது. படத்தில் இந்தத் தொழில் வாசனை பெரும்பாலும் போய்விட்டது. எனக்கு அது ஒரு இழப்பு.

துப்பறியும் பாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது அடிப்படையில் கொலைக் கதைதானே. வுல்ஃப் நன்றாகத் தெரிந்து எடுத்திருக்கும் மரபு டாஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய கறாரான டிடெக்டிவ் கதைகளுடையது. கையில் காசில்லாத துப்பறிவாளர், பொய் சொல்லும் வாடிக்கையாளர், நம்பவே முடியாத அழகி, பணக்கார முதலாளி, தொட்ட இடமெல்லாம் ஊழல். ஹாமெட்டின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ 1930-ல் வந்தது. அதில் எல்லோரும் ஒரு கறுப்புப் பறவைச் சிலைக்காக அடித்துக்கொள்வார்கள். இங்கே எல்லோரும் தேடுவது ஒரு டீ கெட்டிலை. ரோஜரின் வீட்டில் சாதாரணமாகக் கிடந்த பழைய கெட்டில்! அதை ஏன் இத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதில்தான் முடிச்சு.

முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு பற்றி வாசகர்கள் சண்டை போடுவதால் ஒரு விஷயத்தை மட்டும் தொட்டுப் போகிறேன். துளிக்குறிப்பும் வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தானே துப்பறியும் கதை எழுதியவர், 1929-ல் இந்த வகைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதையும் கொண்டு முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பது. வுல்ஃப் அந்த விதியை மீறுகிறார். முடிவில் மாயக்கதையின் வாசனை வருகிறது. ‘இது ஏமாற்று வேலை, துப்பறியும் கதையில் இப்படிச் செய்யலாமா’ என்று கோபப்படுகிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் வுல்ஃப் பக்கம்தான். பேசும் முயல் நடமாடும் உலகத்தில் எது இயற்கை, எது அப்பாற்பட்டது? அவர் அந்தப் பொருளை ஆரம்பத்திலேயே நம் கண்முன் வைத்துவிடுகிறார். அதைச் சுற்றிக் குறிப்புகளை நேர்மையாகத் தூவுகிறார். ரோஜருக்கு ஏன் அந்த ஒப்பந்தம் கிடைத்தது, அவ்வளவு அழகான ஜெசிக்கா ஏன் திடீரென்று ஒரு முயலைக் கல்யாணம் செய்தாள் என்ற இரண்டு கேள்விகளையும் கதை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பதில். கவனமாகப் படித்தவர் முன்பே ஊகிக்க முடியும். அதைவிட முக்கியம், கடைசியில் ரோஜரைப் பற்றி எடிக்குத் தெரியவரும் உண்மை. அது கசப்பானது. ஒரு குழந்தைத்தனமான முயலை நாம் முழுக்க நம்பியிருந்தோம் என்பதை அப்போதுதான் உணர்வோம். சாண்ட்லர் படித்தவர்களுக்கு அந்தக் கசப்பு பழகிய சுவை.

இனி படம். நாவல் வந்த வேகத்திலேயே டிஸ்னி உரிமையை வாங்கிவிட்டது. ஆனால் படமாக வர 1988 ஆனது. இயக்குநர் ராபர்ட் ஸெமெகிஸ் ஆரம்பத்திலேயே ஆர்வம் காட்டினார். அப்போது அவருடைய படங்கள் ஓடியிருக்கவில்லை. 1985-ல் ‘பேக் டு த ஃப்யூச்சர்’ பெரிய வெற்றி பெற்ற பிறகு நிலைமை மாறியது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஆம்ப்ளின் பட நிறுவனமும் சேர்ந்தது. ஜெஃப்ரி பிரைஸ், பீட்டர் சீமன் இருவரும் திரைக்கதை எழுதினார்கள். அனிமேஷனை ரிச்சர்ட் வில்லியம்ஸ் லண்டனில் இருந்து நடத்தினார். எடியாக பாப் ஹாஸ்கின்ஸ்.

அவர்கள் செய்த முதல் மாற்றம், படக்கதை டூன்களை அனிமேஷன் டூன்களாக்கியது. ஏன் என்று யோசித்தால் வேறு வழி இல்லை என்று தெரியும். திரையில் அசையாமல் நின்று தலைக்கு மேல் எழுத்தைக் காட்டினால் பார்வையாளர் எவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருப்பார்? சினிமாவுக்கு அசைவு வேண்டும், குரல் வேண்டும். பலூன் போனதும் பலூனில் தொங்கிய கொலை முடிச்சும் போய்விட்டது. கடைசிச் சொற்கள் தடயமாகக் கிடக்க முடியாது. ‘சென்சார்’ என்ற தலைப்புச் சொல்லும் பொருளிழந்து, பொய்ப்பழி சுமத்துவது என்ற பொருள் தரும் ‘ஃப்ரேம்’ வந்தது. இதிலும் ஒரு சிலேடை உண்டு. அனிமேஷனில் ஒவ்வொரு படத்துண்டும் ஒரு ஃப்ரேம் அல்லவா? அச்சுக்கு ஒரு சிலேடை, திரைக்கு ஒரு சிலேடை. இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இரண்டு படைப்பின் வித்தியாசமும் தெரிந்துவிடும்.

சாவும் அதற்கேற்ப மாறியது. படத்தில் டூனைக் கொல்ல ஒரே வழி வில்லன் ஜட்ஜ் டூம் காய்ச்சும் ‘டிப்’ என்ற திரவம். டர்பன்டைன், அசிடோன், பென்சீன் கலந்தது. மூன்றும் பெயின்டைக் கரைப்பவை. ‘செல்’ என்ற கண்ணாடிபோன்ற தாளில் வண்ணம் பூசி உருவானவனைக் கரைப்பானில் முக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? அந்தச் சின்ன ஷூ டூனை டூம் உள்ளே இறக்கும் காட்சியைப் பார்த்து அழாத பிள்ளை உண்டா! நாவலின் பலூனுக்கு ஈடாகப் படத்தில் எதையாவது சொல்லலாம் என்றால் நான் இந்த டிப்பைத்தான் சொல்வேன். ஊடகத்தின் பௌதிகப் பொருளையே கதையின் ஆபத்தாக்கியது.

கதையின் பின்னணியாக அவர்கள் கொண்டுவந்தது லாஸ் ஏஞ்சலஸின் நிஜ வரலாறு. டூன்கள் வாழும் டூன்டவுனை அழித்து ஃப்ரீவே என்ற அதிவேக நெடுஞ்சாலை போட வேண்டும், அதற்காக ‘ரெட் கார்’ டிராமை வாங்கி மூட வேண்டும் என்பது வில்லன் திட்டம். பசிபிக் எலக்ட்ரிக்கின் சிவப்பு டிராம்கள் உண்மையிலேயே அந்த ஊரில் ஓடின. கடைசித் தடம் 1961-ல் நின்றது. வில்லன் ஒருவர் உட்கார்ந்து சதி செய்ததால்தான் டிராம் போனது என்று பலர் இந்தப் படத்தைப் பார்த்தே நம்புகிறார்கள். உண்மை இன்னும் சிக்கலானது. கார் பெருகியது, நகரம் பரந்தது, டிராம் நிறுவனத்துக்கு நட்டம். மறுபக்கம், பல ஊர்களில் டிராம் நிறுவனங்களை வாங்கிய ஒரு குழுமத்துக்குப் பின்னால் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள், பேருந்துகளையும் அதற்கான பொருள்களையும் விற்பதில் ஏகபோகம் தேடிச் சதி செய்ததாக 1949-ல் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டதும் நிஜம். நாவலில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. அது முழுக்க முழுக்கத் திரைக்கதைக்காரர்களின் சேர்க்கை, நல்ல சேர்க்கை.

படத்தின் கைவேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது, ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதுவரை மனிதரையும் கார்ட்டூனையும் சேர்த்த படங்களில் கேமராவைப் பெரும்பாலும் அசைக்காமல் வைப்பார்கள். அசைத்தால் வரைபவருக்கு வேலை பல மடங்கு. ஸெமெகிஸ் கேமராவைத் தாராளமாக ஓட்டினார். மதுக்கடையின் பின்னறையில் எடியும் ரோஜரும் ஒரே கைவிலங்கில் இருக்கும் காட்சியில், எடியின் தலை விளக்கில் இடித்து விளக்கு ஊசலாடும். ஊசலாட்டத்துக்கு ஏற்ப ரோஜரின் உடம்பில் வெளிச்சமும் நிழலும் ஒவ்வொரு படத்துண்டிலும் மாறிக்கொண்டே இருக்கும். விளக்கை அசைக்காமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கணினி வரைகலை கைகொடுக்காத காலத்தில், எல்லாம் கையால் செய்தது. கேட்காமலே கூடுதலாக உழைப்பதற்கு ‘விளக்கை இடிப்பது’ என்று டிஸ்னிக்குள் ஒரு வழக்கே உருவானது. வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது. படத்தொகுப்பு, ஒலி விளைவுத் தொகுப்பு, காட்சி விளைவுகள் ஆகியவற்றுக்கு இன்னும் மூன்று.

ஜெசிக்காவைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். படத்தின் ஜெசிக்கா, பார்வைக்கு ஆபத்தானவள்போல் இருந்தாலும் புருஷன்மேல் உயிரையே வைத்திருப்பவள். ஏன் இந்த முயலை விரும்புகிறாய் என்றால், என்னைச் சிரிக்க வைக்கிறான் என்பாள். நாவலின் ஜெசிக்கா அப்படி இல்லை. கணக்குப் பார்ப்பவள், இரக்கம் குறைந்தவள். பேபி ஹெர்மனிடம் அவ்வளவு அதிர்ச்சி இருக்காது. குழந்தை உடம்புக்குள் சுருட்டுப் பிடிக்கும் நடுவயதுக்காரன் என்ற கற்பனை இரண்டிலும் உண்டு.

படத்தின் ஜெசிக்காவை வுல்ஃபுக்கே பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். 1991-ல் எழுதிய இரண்டாவது நாவலான ‘ஹூ ப்-ப்-ப்-ப்ளக்டு ரோஜர் ராபிட்?’ படத்தின் உலகத்தைத் தழுவியே போகிறது. முதல் நாவலில் நடந்ததெல்லாம் ஜெசிக்கா கண்ட கனவு என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்! ‘கான் வித் த விண்ட்’ படத்தின் கதாநாயகன் வேடத்துக்கு ரோஜரும் போட்டியில் இருக்கிறான், கிளார்க் கேபிளும் கதையில் வருகிறார். படிக்கக் கலகலப்பாக இருக்கும். முதல் நாவலின் கனம் அதில் இல்லை. 2013-ல் மூன்றாவதாக ஒன்றும் வந்தது. படம் பிடித்தவர் என்ற முறையில் உங்களுக்கு இரண்டாவது உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் முதலிலிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

படிக்கும்போது இரண்டு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் எளிமையானது, ஆனால் அன்றைய அமெரிக்கப் பேப்பர்களில் வந்த படக்கதைப் பாத்திரங்கள் நடுநடுவே தலைகாட்டிப் போவார்கள். டிக் ட்ரேஸி, ஸ்னூப்பி போன்றவர்கள் யார் என்று மேலோட்டமாகத் தெரிந்தால் போதும், ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டாவது, பலூன்களை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். ரோஜரின் கடைசி பலூன் வரும் பக்கத்தில் ஒரு காகிதத்துண்டைச் செருகி வையுங்கள். முழுக்கப் படித்து முடித்த பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, அதே சொற்களை இன்னொரு முறை வாசியுங்கள்.